எந்தக் கோயிலின் வீரர்?

வெள்ளவத்தையில் என் மேசைமீது சென்ற மாதம் ஒரு மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதி கிடந்தது. சிலுவைப் போர்கள் பற்றியது. எழுதியவர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க நண்பர், ஓய்வுபெற்ற ஆசிரியர். 'தெம்ப்ளர்' என்ற சொல்லுக்குக் 'கோயில் வீரர்' என்று போட்டிருந்தார். அகராதிப்படி பிழையில்லை. ஆனால் எந்தக் கோயில்?

1099இல் ஜெரூஸலம் சிலுவைப் போராளிகள் வசமானது. 1119 அளவில் உருவான இத்துறவி வீரர்களுக்கு மன்னன் இரண்டாம் போல்ட்வின் தங்க இடம் கொடுத்தது மஸ்ஜிதுல் அக்ஸாவில். அதனைச் சுலைமான் நபியின் ஆலயம் என்று அவர்கள் அழைத்தார்கள். சபையின் பெயரும் அதிலிருந்தே வந்தது. 'கோயில்' என்றதும் நம் வாசகருக்குக் கோபுரம் தெரியும். அங்கிருந்ததோ நமது முதல் கிப்லா.

அறபு வரலாற்றாசிரியர்கள் இவர்களைத் 'தாவிய்யா' என்றனர். உஸாமா இப்னு முன்கித் அவர்களில் சிலரை நண்பர்கள் என்றே குறிப்பிடுகிறார். அக்ஸாவை ஒட்டிய சிறு பள்ளியை அவர் தொழுவதற்கு ஒழித்துக் கொடுத்தார்களாம். புதிதாக வந்த ஒருவன் தொழுகையில் அவரைக் கிழக்கே திருப்பியபோது, அவனை இழுத்துப்போய் மன்னிப்புக் கேட்டவர்களும் அவர்களே. 1187இல் ஹித்தீனில் பிடிபட்ட தாவிய்யாக்களை ஸலாஹுத்தீன் கொல்லச் செய்ததையும் நாம் மறைக்கலாகாது.

1312இல் பாப்பரசர் சபையைக் கலைத்தார். போர்த்துக்கலில் அதன் சொத்துகள் 1319இல் நிறுவப்பட்ட 'கிறிஸ்துவின் சபை'க்குப் போயின. அதன் செஞ்சிலுவை வரைந்த பாய்களோடுதான் போர்த்துக்கேயக் கப்பல்கள் இந்து சமுத்திரத்துக்குள் வந்தன. 1626இல் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை அவர்கள் வெளியேற்றியதும், செனரத் மன்னன் அகதிகளை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதும் நாமறிந்ததே. சிலுவைப் போராளிகளை அறபிகள் அழைத்த 'இஃப்ரன்ஜ்' என்ற பெயரையே மலபாரின் ஸைனுத்தீன் மக்தூம் போர்த்துக்கேயருக்கும் வைத்தார். நம் 'பறங்கி' அதன் வழிவந்தது.

ஆகவே 'தெம்ப்ளர்' என்றே விட்டு, அக்ஸாவை அடிக்குறிப்பில் சொல்லும்படியும், பிராங்கியர் வரும் இடமெல்லாம் 'பறங்கியர்' என்று மாற்றும்படியும் எழுதி அனுப்பினேன்.

முதலாவதை உடனே ஏற்றார். இரண்டாவதற்குத் தொலைபேசியில் சற்று நேரம் பேச்சில்லை.

"எங்கட அம்மம்மா பறங்கி, சேர். பள்ளிக்கூடத்தில அந்தச் சொல்லைச் சொல்லித்தான் என்னை நக்கலடிச்சவங்கள்."

'பிராங்கியர்' என்றே அச்சுக்குப் போகிறது.