நரம்பணு

உடலுக்குள் செய்தி கொண்டுசெல்வதையே தொழிலாகக் கொண்ட உயிரணு. நியூரான் என்றும் வழங்கும். மனித மூளையில் மட்டும் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. செங்கல்பட்டு மாவட்டத்துப் பொத்தேரி ரயில் நிலையத்தில் வெள்ளை அங்கியோடு இறங்கும் மருத்துவ மாணவர்கள் இதன் படத்தை வரைந்து வரைந்து கை பழகியவர்கள். ஆனால் இரண்டு அணுக்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதை, அதே மாவட்டத்து வயல்வெளிகளில் திரியும் நல்ல பாம்பும் கட்டுவிரியனும் பாடநூலைவிடத் தெளிவாகக் காட்டிவிடும்.

நரம்பணுவுக்கு ஓர் உடல், செய்தி வாங்கும் குறுங்கிளைகள், செய்தி அனுப்பும் ஆக்சான் எனும் நீண்ட இழை என மூன்று பகுதிகள் உண்டு. பாதத்துத் தசையை இயக்கும் அணுவின் உடல் முதுகுத்தண்டுக்குள் இருக்க, அதன் இழை ஒரு மீட்டர் அளவுக்கு நீண்டு பாதம் வரை வருகிறது.

சும்மா இருக்கும்போது அணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். தூண்டல் போதிய அளவை எட்டியதும் சவ்விலுள்ள வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாயும். அடுத்து பொட்டாசியம் வெளியேறப் பழைய நிலை திரும்பும். மின்துடிப்பு எனப்படும் இது முழுவதும் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் முடிந்துவிடும். அரைத் துடிப்பு என்று ஒன்று கிடையாது. வலி கூடினால் துடிப்புகளின் எண்ணிக்கை கூடும், உயரம் கூடாது. மயலின் எனும் உறை போர்த்திய தடித்த இழைகளில் துடிப்பு விநாடிக்கு 100 மீட்டரையும் தாண்டும். உறையற்றவற்றில் 1 மீட்டர் அளவில் நகரும். கல்லில் கால் இடித்ததும் முதலில் சுரீரென்றும், சற்றுக் கழித்து விண்விண்ணென்றும் வலிப்பது, இரு வேகத்தில் ஓடும் இருவகை இழைகளால்.

மின்துடிப்பு இழையின் முனையில் நின்றுவிடுகிறது. அடுத்த அணுவுக்கும் அதற்கும் இடையே மில்லிமீட்டரில் லட்சத்தில் சில பங்கு அகலமுள்ள இடைவெளி உண்டு. இதுவே நரம்புச் சந்தி. பெரும்பாலான சந்திகளை மின்சாரம் தாண்டுவதில்லை, வேதிப்பொருள்தான் தாண்டுகிறது. ஓட்டோ லோவி 1921-இல் இதை இரண்டு தவளை இதயங்களைக் கொண்டு மெய்ப்பித்தார்: ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்து, அது கிடந்த நீர்மத்தை மற்றதில் விட்டபோது அதுவும் தளர்ந்தது. எளிமையில் இதற்கு இணையான சோதனைகள் குறைவு. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். 1936-இல் லோவி ஹென்றி டேலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தசையை ஒட்டிய நரம்பு முனையில் நுண்பைகள் திறந்து அசிட்டைல்கோலின் கொட்டும். எதிர்க்கரையிலுள்ள ஏற்பிகளில் அது பொருந்தத் தசை சுருங்கும். வேலை முடிந்த மிச்சத்தை ஒரு நொதி உடனே சிதைத்துவிடும். நல்ல பாம்பின் நஞ்சு இந்த ஏற்பிகளில் முந்திப்போய் உட்கார்ந்துகொள்கிறது. கட்டுவிரியனோ செய்தி அனுப்பும் முனையையே சிதைக்கிறது. அது மறுபடி வளர நாட்கள், சிலருக்கு வாரங்கள் ஆகும். நொதியைத் தடுத்து அசிட்டைல்கோலினைப் பெருக்கும் நியோஸ்டிக்மின் ஊசி நல்ல பாம்புக் கடியில் கைகொடுப்பதுபோல் கட்டுவிரியன் கடியில் கொடுக்காததற்குக் காரணம் இதுதான். கடிபட்டவருக்கு முதலில் இமை தொங்கும், பிறகு நாக்கு குழறும், கடைசியில் மூச்சுத் தசை நிற்கும். மூளை பெரும்பாலும் விழிப்போடுதான் இருக்கும். கண் திறக்க முடியாமல் கிடப்பவரின் காதில் கட்டிலைச் சுற்றி நடக்கும் பேச்சு விழுந்துகொண்டே இருக்கலாம்.

தைவான் ஆய்வாளர்கள் 1963-இல் பிரித்தெடுத்த ஏற்பியைப் பற்றும் ஒரு கட்டுவிரியன் இன நஞ்சைத் தூண்டிலாக்கித்தான் 1970-ஐ ஒட்டி அசிட்டைல்கோலின் ஏற்பியே பிடிபட்டது.

இக்கடிகளுக்கான மருந்துக்கும் நஞ்சே மூலம். மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில், 1978-இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. பாம்புத் தோல் வணிகம் தடைசெய்யப்பட்டதும் பிழைப்பிழந்த இருளர் பழங்குடியினருக்காகத் தொடங்கியது. பாம்புகளை மண்பானைகளில் வைத்து, நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைகளுக்குச் செலுத்தித்தான் நச்சுமுறி மருந்து தயாராகிறது. இச்சமூகத்தின் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றனர்.

கட்டுவிரியன் கடி பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவருக்கு, வலியே தெரியாமல் நேர்கிறது. விடியற்காலையில் வயிற்றுவலியோடு இமையும் தொங்கினால் கடிவாயைத் தேடிக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள்.