சேரன்மாதேவியின் இரண்டு பந்திகள்

1925ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளையும் காங்கிரஸ் கூட்டங்களையும் உலுக்கிய சண்டை, ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து கிளம்பியது. தாமிரபரணிக் கரையிலுள்ள சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திவந்த தமிழ்க் குருகுலத்தில், இரண்டு பிராமணச் சிறுவர்கள் மட்டும் தனியே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் பொதுப் பந்தி. நடந்தது இவ்வளவுதான்.

இரண்டு சிறுவர்களின் சாப்பாட்டுக்காக ஒரு மாகாணத்தின் அரசியலே இரண்டுபட வேண்டுமா என்று கேட்கத் தோன்றலாம். அதற்கு விடை வேண்டுமானால், அந்தக் குருகுலம் எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதையும், பந்தியில் ஒதுக்கப்பட்ட பிள்ளையின் மனத்தில் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஐயர் சாதாரண மனிதரல்லர். லண்டனில் சட்டம் படிக்கப் போய்ப் புரட்சியாளராக மாறியவர். 1910இல் பிரிட்டிஷ் போலீசின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் புதுச்சேரி வந்து சேர்ந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், தமிழ்ச் சிறுகதைக்கு வழிகோலியவர்களில் ஒருவர். சொந்த வாழ்வில் சாதிக் கட்டுப்பாடுகளைப் பெரிதாகப் பாராட்டாதவர். அரசுப் பள்ளிகள் குமாஸ்தாக்களை மட்டுமே உண்டாக்குகின்றன என்ற கவலை அந்த ஒத்துழையாமைக் காலத்தில் பலரையும் அரித்துக்கொண்டிருந்தது. அதற்கு மாற்றாகத்தான் 1922இல் குருகுலம் பிறந்தது. பாடமெல்லாம் தமிழில். இலக்கியத்தோடு அறிவியல், கைத்தொழில், உடலுழைப்பு. புத்தகத்தையும் மண்வெட்டியையும் ஒரே கையில் பிடிக்கப் பழக்குவது ஐயரின் கனவு. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, முதல் தவணையாக 5,000 கொடுத்தது. பிராமணரல்லாத செல்வர்கள் பலரும் மனமுவந்து நன்கொடை தந்தார்கள். தேசத்தின் பிள்ளைகள் ஒன்றாக வளரப்போகிறார்கள் என்று நம்பித்தான் தந்தார்கள்.

நம்பிக்கை உடைந்த இடம் வகுப்பறையல்ல, அடுக்களை. பின்னாளில் சென்னை மாகாண முதல்வரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்ததாகவும், பிராமணச் சிறுவர்களுக்கெனத் தனியே வைத்திருந்த தண்ணீரைக் குடித்ததற்காக அடிபட்டதாகவும், அதன் பிறகே விஷயம் பெரியாரின் காதுக்கு எட்டியதாகவும் சுயமரியாதை இயக்கத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். வழக்கு மன்றத்தில் சோறும் தண்ணீரும் சின்ன விஷயங்களாகத் தெரியலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு அப்படியல்ல. தாகத்தில் எடுத்துக் குடித்த தண்ணீர் தன் கை பட்டுத் தீட்டாகிவிட்டது என்று கேட்கும் பிள்ளை, அன்று காலை படித்த செய்யுளை மறந்துவிடும். தண்ணீரை மறக்காது.

இந்த இடத்தில் நூறாண்டு பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. கல்வியில் உணர்ச்சிகளைக் கருவியாக்குவது ஐயர் காலத்தில் புதிதாக முளைத்ததல்ல. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாகாணம் முழுதும் பள்ளிக் கணக்கு எடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு வந்தது. பெல்லாரி கலெக்டர் கேம்பல் 1823இல் அனுப்பிய அறிக்கை எண்ணிக்கையோடு நிற்கவில்லை, பள்ளிக்கூடத்தின் காலைப் பொழுதையே எழுதிக் காட்டியது. முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் மரியாதையாகச் சரஸ்வதியின் பெயர். இரண்டாவதாக வந்தவனுக்குச் சுழி, அதாவது புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓரடி, நான்காமவனுக்கு இரண்டு. பின்னால் வரவர அடி ஏறிக்கொண்டே போகும். சோம்பேறிப் பிள்ளையின் இரு கைகளையும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும் உண்டு. நம் திண்ணைப் பள்ளிகளில் இதற்குக் கோதண்டம் என்று பெயர்.

அச்சமும் பெருமையும்தான் அன்றைய பாடமுறையின் இரண்டு சக்கரங்கள். ஆனாலும் அந்தத் தண்டனையில் ஒரு வழி திறந்திருந்தது: நாளை சீக்கிரம் எழுந்து வந்தால் அடி இல்லை. பிறப்பால் வரும் அவமானத்துக்கு அப்படி ஒரு வழியே கிடையாது. எவ்வளவு சீக்கிரம் எழுந்தாலும், எவ்வளவு நன்றாகப் படித்தாலும், பந்தியில் இடம் மாறாது.

இதை உள்ளிருந்து எழுதியவர் இரட்டைமலை சீனிவாசன். 1939இல் வெளிவந்த தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் படித்த நாட்களை நினைவுகூர்கிறார். ஏறக்குறைய 400 மாணவர்களில் பத்துப் பேர் நீங்கலாக மற்றவரெல்லாம் பிராமணர். தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் அவர் யாரோடும் நெருங்கிப் பழகவில்லை, விளையாடவில்லை. நட்பு வளர்ந்தால் ஊர் கேட்பார்கள், குலம் கேட்பார்கள். அதனால் நட்பையே ஒதுக்கினார். வட்டமேசை மாநாடு வரை போய்த் தம் மக்களுக்காக வாதாடிய ஒரு மனிதரின் மாணவப் பருவம் இப்படிக் கழிந்தது. அம்பேத்கரும் தம் மாணவப் பருவத்தில், வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கின் மேல் வகுப்பில் தனியே உட்கார்ந்தார். பள்ளிச் சேவகர் வந்து ஊற்றினால்தான் அவருக்குத் தண்ணீர். சேவகர் இல்லாத நாளில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

ஒரு பக்கம் ஒடுங்கும் மனம் என்றால், இன்னொரு பக்கம் அருவருப்பு. அதுவும் கல்விக் கொள்கையின் உடையில் வந்தது. தியசாபிகல் சங்கத் தலைவர் ஆல்காட் 1894இல் சென்னையில் பஞ்சமர்களுக்காக இலவசப் பள்ளியைத் தொடங்கிப் பெரும் பணி செய்தார். அவருக்குப் பின் அச்சங்கத்தின் தலைவரான அன்னி பெசன்ட், 1909இல் எழுதிய கட்டுரையில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைத் தூய்மையின் பெயரால் மற்றப் பிள்ளைகளோடு சேர்க்கலாகாது என்று வாதிட்டார். தனிப் பள்ளி, தனிப் பயிற்சி, பிறகு பார்க்கலாம் என்பது அவர் யோசனை. அவர் நல்லெண்ணம் உடையவர்தான். ஆனால் சோப்பும் தண்ணீரும் கொடுத்துத் தீர்க்கக்கூடிய ஒன்றைத் தலைமுறைகளின் தீட்டாக்கிப் பேசியது நல்லெண்ணம் ஆகாது. அருவருப்பை மாற்ற வேண்டியது அருவருப்பவரின் மனத்தில். அதற்கான பாடத்திட்டம் யாரிடமும் இல்லை.

சேரன்மாதேவி இதே கேள்வியைத் தேசியவாதிகளின் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. அந்த இரு சிறுவர்களின் பெற்றோருக்குத் தாம் வாக்குக் கொடுத்துவிட்டதாக ஐயர் சொன்னார். காங்கிரஸ் தலைவர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் சமபந்தியில் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. மார்ச்சில் சென்னைக்கு வந்த காந்தி சமரசம் சொல்லிப் பார்த்தார்: இருக்கிற இருவரும் அப்படியே இருக்கட்டும், இனிச் சேர்வோருக்கு அந்தச் சலுகை வேண்டாம். யாருக்கும் திருப்தியில்லை. ஏப்ரலில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி, பிறப்பால் ஏற்றத்தாழ்வு பாராட்டுவதைத் தேசிய நிறுவனங்கள் கைவிட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. ராஜாஜி உள்ளிட்ட சிலர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். மே 2ஆம் தேதி பெரியாரின் ‘குடி அரசு’ இதழ் வெளிவந்தது. ஜூனில், பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் நீரில் விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து ஐயர் மாண்டார். அவ்வளவு பெரிய கனவு கண்ட மனிதரின் முடிவு நெஞ்சை அறுக்கிறது. ஆனால் அவருடைய வாக்குறுதி யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். தனி இலை கேட்ட பெற்றோருக்குக் கொடுத்தார். பொதுப் பந்தியில் உட்கார்ந்த பிள்ளைகளின் பெற்றோரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சென்னை மாநகராட்சி இதற்கு ஐந்தாண்டு முன்பே, 1920இல், பிட்டி தியாகராயரின் தலைமையில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போடத் தீர்மானித்திருந்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. 1956இல் காமராசர் மாநிலமெங்கும் அதை விரித்தபோது, கல்வி இயக்குநராக உடனிருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. சுயமரியாதை இயக்கத்தோடு நெருக்கமானவர், சாதி மறுத்து மணம் புரிந்தவர். பசிக்குச் சோறு என்பதே அத்திட்டத்தின் முதல் நோக்கம். ஆனால் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் தட்டேந்தி, ஒரே அண்டாவிலிருந்து வாங்கி உண்பது சேரன்மாதேவியில் தோற்ற பாடத்தை ஊருக்கு ஊர் மீண்டும் நடத்துவதும்தான். சீருடையும் அப்படியே. கிழிசலை மறைத்ததோடு, யார் வீட்டுப் பிள்ளை என்று உடையைப் பார்த்துச் சொல்ல முடியாமல் செய்தது.

1982இல் சத்துணவு, பின்பு முட்டை, 2022 செப்டம்பரில் காலை உணவு. இவ்வளவுக்குப் பிறகும் 2023இல் கரூர் மாவட்டப் பள்ளியொன்றில், சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதற்காகச் சில பெற்றோர் தம் பிள்ளைகளைச் சாப்பிடவிடவில்லை. மாவட்ட ஆட்சியரே போய்ப் பேச வேண்டியிருந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், ஆகஸ்டில், சேரன்மாதேவி இருக்கும் அதே திருநெல்வேலி மாவட்டத்தின் நாங்குநேரியில் நன்றாகப் படித்த ஒரு பட்டியல் சாதி மாணவரை உடன் படித்தவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். காப்பாற்ற வந்த தங்கைக்கும் வெட்டு.

அந்தக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்குதல் ஆகியவை செய்திகளில் பெரிதாக வந்தன. அதிகம் பேசப்படாத சில பரிந்துரைகள் வகுப்பறையின் அன்றாடத்தைத் தொடுகின்றன. மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக்கூடாது. ஆசிரியர் யாரையும் சாதியைச் சுட்டி அழைக்கக்கூடாது. உதவித்தொகை பற்றிய தகவலை வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அறிவிக்காமல், தலைமையாசிரியர் உரிய மாணவரைத் தம் அறைக்கு அழைத்துத் தனியே சொல்ல வேண்டும்.