இறப்பர் பாலும் முகமூடியும்

1996ஆம் ஆண்டு தமிழ்த் திரையுலகில் ஒப்பனையின் ஆண்டு. 'இந்தியன்' படத்தின் சேனாபதிக் கிழவரும், 'அவ்வை சண்முகி'யின் மாமியும் அந்த ஓர் ஆண்டிலேயே திரைக்கு வந்தனர். இரண்டுக்கும் ஹொலிவூட் ஒப்பனைக் கலைஞர் மைக்கேல் வெஸ்ட்மோர் கமல்ஹாசனின் முகத்தை மாற்றிக் கொடுத்தார். அக்கால ஹொலிவூட் ஒப்பனையில் முகத்தோடு ஒட்டப்படும் செயற்கைத் தோல் பெரும்பாலும் நுரையாக அடித்து வேகவைத்த இறப்பர் பால்தான். கொழும்பில் அப்படங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதினோம். அந்தத் தோலுக்கான பால், கொழும்பிலிருந்து சில மணி நேரப் பேருந்துப் பயணத்தில் வரும் கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் அன்றாடம் சிரட்டையில் சொட்டிக் கொண்டிருக்கும் அதே பொருள் என்று எங்களில் யாரும் எழுதவில்லை. வாசகர்களும் கேட்கவில்லை.

இறப்பர் முகமூடி பற்றி ஆங்கிலத்தில் கிடைக்கும் வரலாறுகள் பெரும்பாலும் அமெரிக்காவின் டொன் போஸ்டிலிருந்து தொடங்குகின்றன. 1930களின் இறுதியில் முகமூடித் தொழிலில் இறங்கி, தலை முழுவதையும் மூடும் இறப்பர் முகமூடிகளை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தவர் அவர். மறுப்பதற்கில்லை. ஆனால் கதை அவருக்கு வெகு முன்னரே, அமேசன் காட்டில் தொடங்கிவிட்டது. அங்கு வாழ்ந்த பழங்குடி மக்கள் களிமண்ணால் ஓர் உருவம் செய்து, அதன் மேல் பாலைப் பூசிப் புகையில் உலர்த்தி, மீண்டும் பூசி, மீண்டும் உலர்த்தி, இறுதியில் உள்ளே இருந்த மண்ணை உடைத்துக் கொட்டிவிட்டுப் புட்டிகளும் காலணிகளும் செய்தனர். இன்று வீட்டில் முகமூடி செய்பவர்கள் கையாளும் முறை இதன் தலைகீழ் வடிவமே. அவர்கள் அச்சின் வெளியே பூசினர். இவர்கள் உள்ளே ஊற்றுகிறார்கள்.

பிரெஞ்சு அறிஞர் லா கொந்தமின் 1736இல் தென் அமெரிக்காவிலிருந்து இறப்பர் மாதிரிகளைப் பாரிசுக்கு அனுப்பினார். ஐரோப்பா வியந்தது. ஆயினும் அமேசன் மக்கள் செய்ததை ஐரோப்பியரால் செய்ய முடியவில்லை. காரணம் எளியது. பால் கடலைக் கடக்காது. மரத்திலிருந்து வடிந்த சில மணி நேரத்தில் அது தயிர் போல் திரண்டு, நாறி, கட்டியாகிவிடும். ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது அந்தக் கட்டி மட்டுமே. 1823இல் மக்கின்டொஷ் அதை நாப்தாவில் கரைத்து மழைச் சட்டை செய்தார். 1839இல் குட்இயர் கந்தகத்தோடு சூடாக்கி அதற்கு உறுதி தந்தார். இவையெல்லாம் கட்டியை வைத்துச் செய்த வித்தைகள். பாலைப் பாலாகவே பயன்படுத்த ஐரோப்பா அதற்குப் பின்னும் பல பதிற்றாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் காத்திருப்பை முடித்தவை ஆசியாவின் பெருந்தோட்டங்கள். ஹென்றி விக்ஹாம் 1876இல் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த ஏறத்தாழ 70,000 விதைகளில் மிகச் சிறு பங்கே லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தது. அந்த நாற்றுகளில் 1,919 அதே ஆண்டில் இலங்கைக்குக் கப்பலேற்றப்பட்டு, கம்பஹாவின் ஹெனரத்கொட தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. பிரித்தானியப் பேரரசின் இறப்பர் பெருமளவு அங்கிருந்தே பரவியது என்று சொன்னால் மிகையில்லை. கோப்பி நோயால் அழிந்தபின் மலையுச்சிகளைத் தேயிலை பிடித்துக்கொண்டது. தேயிலைக்கு அவ்வளவாகப் பொருந்தாத, உயரம் குறைந்த, வெப்பமும் கடும் மழையும் நிறைந்த சரிவுகள் இறப்பருக்கு வாய்த்தன. யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகல, ருவான்வெல்ல, எஹலியகொட, பெல்மதுளை, காவத்தை, இறக்குவானை என்று நீளும் சப்ரகமுவ நிலம் அது. 1910இல் லண்டன் சந்தையில் ஓர் இறாத்தல் இறப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியபோது காடுகள் வெகு வேகமாக மரவரிசைகளாயின. அந்த வரிசைகளுக்குள் கத்தியோடும் வாளியோடும் நடக்கத் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் ஆட்களை அழைத்து வந்தனர்.

பால் வெட்டுவது ஏதோ மரத்தைக் கீறும் வேலை என்று எண்ணுவோர் உண்டு. நானும் செய்தி சேகரிக்கப் போன இடத்தில் ஒரு விடியற்காலை முழுவதும் கூடவே நடந்து பார்த்த பின்பே அதன் நுட்பம் விளங்கியது. பட்டையில் ஏற்கெனவே உள்ள சாய்வான வெட்டின் மேல், ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேற்படாத ஒரு சீவலை, இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழ்நோக்கி ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. சற்றே கூடினால் மரத்தின் வளர்படலம் காயப்பட்டு, அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பின்னாளில் வெட்ட முடியாமற் போய்விடும். வெயில் ஏற ஏற மரத்தின் உள்ளழுத்தம் குறையுமாதலால் எல்லாம் காலையிலேயே முடிய வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் பல தோட்டங்களில் அன்றைக்குப் பேரும் இல்லை. நாட்டிலேயே மிகுந்த மழை பெறும் பகுதிகளுள் ஒன்றான இரத்தினபுரியில் இதன் பொருள் என்ன என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

அன்று என்னோடு பேசிய மூத்த பெண்மணி, விரலில் காய்ந்திருந்த பாலைப் பேச்சினூடே உரித்து என்னிடம் நீட்டினார். "பாருங்க ஐயா, கைரேகை எல்லாம் அப்படியே இருக்கும்." வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மெல்லிய, மஞ்சள் பாய்ந்த அந்தப் படலத்தில் அவருடைய விரலின் ஒவ்வொரு கோடும் பதிந்திருந்தது. பிள்ளைகள் ஒட்டுப்பாலை நூலாக இழுத்துச் சுற்றிப் பந்து செய்வதையும் சொன்னார். முகமூடிக் கலையின் மூல இரகசியம் அந்த விரல் தோலில் இருக்கிறது. தொட்ட பரப்பின் நுண்ணிய கோடுகளையும் பிரதியெடுத்து, உலர்ந்ததும் வளையும் தோலாகக் கழன்று வரும் பொருள் இயற்கையில் வேறு அதிகம் இல்லை.

தோட்டத்தில் அந்தப் பாலின் பயணம் வழக்கமாக வேறு திசையில் போகும். நிறுத்து, வடிகட்டி, நீர் சேர்த்து, ஃபோர்மிக் அமிலம் கலந்து உறையவைத்து, உருளைகளில் கொடுத்துத் தகடாக்கிப் புகை அறையில் தொங்கவிடுவார்கள். இலங்கைக்குப் பெயர் வாங்கித் தந்த வெளிர் கிரேப்பும் காலணி அடிக்கான கிரேப்பும் இன்னொரு வகை. பால் பாலாகவே போக வேண்டுமாயின் உடனடியாக அமோனியா சேர்க்க வேண்டும். அமோனியா சேர்த்த பால் பீப்பாய்களில் பெருமளவு கப்பலேறத் தொடங்கியது 1920களில். மரத்துப் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இறப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். அதனை மைய விலக்கு இயந்திரத்தில் சுழற்றி 60 சதவீதச் செறிவுக்குக் கொண்டுவரும் முறையும் வழக்கத்துக்கு வந்தது. 1929இல் டன்லப் நிறுவனத்து ஆய்வாளர்கள் பாலை நுரைத்து மெத்தை செய்தனர். பத்தாண்டு கழித்து, 1939இல் வெளிவந்த 'தி விசார்ட் ஒஃப் ஓஸ்' படத்துக்காக ஜக் டோன் அதே நுரை இறப்பரைத் துண்டு துண்டாக வார்த்து நடிகர்களின் முகங்களில் ஒட்டினார். மனித முகத்தில் சிங்கம் சிரித்தது. தினந்தோறும் ஆயிரக்கணக்கானோர் பால் வெட்டிச் சேர்க்கும் தோட்டங்களும், அதைத் திரளாமல் காக்கும் அமோனியாவும் இல்லாதிருந்தால் அந்தச் சிங்கம் காகிதக் கூழில்தான் பிறந்திருக்கும். மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் பெரும்பங்கு அளித்தன. இலங்கையின் பங்கு அவற்றினும் சிறியது. பீப்பாயில் கலந்த பிறகு பாலுக்கு ஊர் ஏது?

அக்காலத்தில் இறப்பர் இன்னொரு முகமூடியையும் உலகுக்குத் தந்தது. 1938 செப்டம்பருக்குள் பிரித்தானிய அரசு தன் குடிமக்களுக்கு ஏறத்தாழ 3 கோடியே 80 இலட்சம் நச்சுவாயு முகமூடிகளை விநியோகித்திருந்தது. முகத்தை ஒட்டிப் பிடிக்கும் அதன் பகுதி இறப்பராலானது. 1942இல் மலாயா ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது நேச நாடுகளின் இயற்கை இறப்பருக்கு இலங்கையே முதன்மை ஆதாரமாயிற்று. மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை, வெட்டு என்று உத்தரவு. ஒரு மரத்தில் பல வெட்டுகள். அத்தோட்டங்களில் உழைத்தோரைப் போர் முடிந்த மூன்றே ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1952இல் சீனாவுடன் கையெழுத்தான அரிசி - இறப்பர் உடன்படிக்கைப்படி ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் போய் 270,000 தொன் அரிசி வந்தது. நாடு பசியாறியது. அந்த இறப்பரை வெட்டியோரில் பெரும்பாலோருக்கு அப்போது வாக்குரிமை இல்லை.

இனி வீட்டில் முகமூடி செய்யும் முறைக்கு வருகிறேன். டொன் போஸ்டின் பட்டறையில் செய்ததும், இன்று புலம்பெயர் நகரங்களில் நம் இளைஞர்கள் நாடகத்துக்கும் குறும்படத்துக்கும் செய்வதும் அடிப்படையில் ஒன்றே. தலை வடிவின் மேல் எண்ணெய்க் களிமண்ணால் முகத்தைச் செதுக்க வேண்டும். தோலின் துவாரமும் சுருக்கமும் வேண்டுமாயின் இங்கேயே வேண்டும். பின்னால் சேர்க்க முடியாது. அதன் மேல் பரிசாந்து பூசி, முன்னும் பின்னுமாக இரண்டு பாதிகளாகக் கழலும் அச்சு எடுக்க வேண்டும். அச்சைக் கட்டி, தலைகீழாக நிறுத்தி, பாலைக் குமிழி வராமல் மெதுவாக ஊற்ற வேண்டும். சாந்துதான் இதில் மறைவாக வேலை செய்வது. அது பாலிலுள்ள நீரை உறிஞ்ச, இறப்பர் சுவரோரமாகத் திரண்டு தடிக்கும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் போதிய தடிப்பு வந்ததும் மிச்சப் பாலைத் திரும்ப ஊற்றிவிட்டு உலர விடுவார்கள். அவசரப்படுவோர் இங்குதான் கெடுப்பர். கழற்றும் முன் உட்புறம் முழுவதும் முகப்பூச்சு மாவைத் தூவாவிட்டால், இறப்பர் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரிக்க முடியாது. சாதாரண வர்ணம் வளையும்போது வெடிக்கும் என்பதால் நிறத்தையும் பாலிலேயே குழைத்துப் பூசுவர். அமோனியா நெடி கண்ணை எரிக்கும், சன்னலைத் திறந்து வையுங்கள். சிலருக்கு இறப்பர் பாலின் புரதம் கடும் ஒவ்வாமை தரும், ஆகவே முகத்தில் நேரே பூசும் முன் கையில் சிறிது தடவிப் பார்ப்பது அவசியம். புருவத்தில் வாஸலீன் தடவ மறந்தால் புருவமும் சேர்ந்து வரும்.

நம் கூத்து மரபுக்கு இது அந்நியமான கலையல்ல என்பது என் எண்ணம். மலையகத் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து ஆடும்போது வீரபத்திரனும் காளியும் எமனும் ஒப்பனையாலேயே உருவாகிறார்கள். தென்கரையின் அம்பலாங்கொடையில் சிங்களக் கலைஞர்கள் மரத்தில் முகமூடி செதுக்குகிறார்கள். காலடியில் பால் ஓடும் நிலத்தில் ஏன் எவரும் அந்தப் பாலால் காளியின் முகத்தை வார்க்கவில்லை என்று ஒரு முறை வியந்ததுண்டு. கேள்வி பேதைமையானது. பால் தோட்டத்துக்குச் சொந்தம். வெட்டியவருக்கு அது எடைக்கணக்கு மட்டுமே.

முகத்தை மாற்றும் தேவை வேறு விதமாக வந்தது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதித் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டு லயங்கள் எரிக்கப்பட்டன. 1977இலும் 1983இலும் அதுவே. பொட்டை அழித்து, தாலியை ஒளித்து, சேலையை மாற்றிக் கட்டிப் பேருந்தேறிய கதைகளை அப்பகுதியில் 1990களில் பலர் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. அவற்றுள் பல அங்கே போரிலும் சிக்கின.

வேறு பலர் 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறினர். 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதாகப் பேசி, மிஞ்சிய 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அவ்வாறு போனவர்களில் ஒரு பகுதியினரை இந்திய அரசு எங்கே குடியேற்றியது தெரியுமா? கேரளத்தின் புனலூரிலும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் வட்டங்களிலும், அவர்களுக்கெனவே உருவாக்கிய இறப்பர்த் தோட்டங்களில். புனலூருக்கென 1976இல் ஒரு தனி நிறுவனமே அமைக்கப்பட்டது. மொழி தெரியாத ஊர். மரமும் சிரட்டையும் கத்தியும் மட்டும் பழையவை. இலங்கையில் தங்கியோரில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கிய 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல்தான் வந்தது. முதற் சட்டத்துக்கும் அதற்கும் இடையே 55 ஆண்டுகள்.

கேகாலைப் பக்கத்துப் பாலின் ஒரு பகுதி இன்று பாலாகவே கையுறைத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. கை வடிவ அச்சைப் பாலில் தோய்த்து எடுக்கும் அந்த முறை பழைய அமேசன் முறையேதான். 2019 முதல் ஓர் இலை உதிர்வு நோய் இத்தோட்டங்களை வாட்டுகிறது. இளையோர் கத்தியை எடுக்க மறுத்துக் கொழும்புக் கடைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்ட ஆளின்றிப் பட்டை தடித்து நிற்கும் மரவரிசைகளை யட்டியாந்தோட்டை வீதியில் போகும்போது சன்னலோரமாகவே காணலாம். பழைய வெட்டுத் தடத்தில் சிரட்டை தொங்கிய கம்பி மட்டும் துருப்பிடித்துக் கிடக்கிறது.