நிலஞ்சூழ் நாடுகள்

1

கலைக்களஞ்சியங்கள் ஒரு நாட்டைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வரிசையைக் கடைப்பிடிக்கின்றன: நிலவியல், மக்கள், அரசாங்கம். முதலில் நிலம் கிடந்தது. மக்கள் வந்து அதன்மேல் குடியேறினார்கள். பிறகு தங்களுக்கென்று ஒரு அரசை அமைத்துக்கொண்டார்கள் என்று இந்த வரிசை நம்மை நம்பவைக்கிறது. பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகமும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தது. ஆனால் ஆப்பிரிக்காவின் கடலற்ற நாடுகளைப் பற்றிப் படிக்கையில் வரிசை தலைகீழாகிவிடுகிறது. அங்கே பல இடங்களில் முதலில் வந்தது அரசாங்கம். அதுவும் வேறு யாருடையதோ அரசாங்கம். அது கோடு போட்டது. கோட்டுக்குள் அகப்பட்டவர்கள் அந்நாட்டு மக்களானார்கள். நிலம் என்பது கோடு போட்டவனுக்கு எந்த அளவு தேவையோ அந்த அளவுக்குக் கணக்கில் வந்தது.

இன்று ஆப்பிரிக்காவில் கடற்கரை இல்லாத நாடுகள் 16. இவற்றில் எதியோப்பியா, 1993இல் எரித்ரியா பிரிந்தபோது கடலை இழந்தது. தெற்கு சூடான் 2011இல் பிறக்கும்போதே கடலில்லாமல் பிறந்தது. ஆகவே 'நிலத்தால் சூழப்பட்ட நாடு' என்பதை மலையைப்போல, ஆற்றைப்போல இயற்கையின் பட்டியலில் சேர்ப்பது தவறு. அதற்கு ஒரு தேதி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. கடலுக்குப் போகும் வழி யார் கையில் என்பதுதான் அதன் உள்ளடக்கம்.

இதை நான் எழுத முனைவது ஆப்பிரிக்காவின் பொருட்டு மட்டுமன்று. நான் குமாஸ்தாவாக இருக்கும் அரியலூர்–பெரம்பலூர் வட்டாரமும் கடலற்றதுதான். இதைப் பற்றி எழுதுபவர்கள் 'பின்தங்கிய பகுதி' என்ற இரண்டு சொற்களோடு நின்றுவிடுகிறார்கள். எதற்குப் பின்னால், யாரால் தங்க நேர்ந்தது என்ற விசாரணை நடக்கவில்லை.

2

மேல் வோல்ட்டாவை எடுத்துக்கொள்வோம். மேற்கு ஆப்பிரிக்காவின் உட்பகுதியில், மோஸி மக்களின் பழைய அரசுகள் இருந்த நிலத்தில், பிரெஞ்சுக்காரர்கள் 1919இல் இப்பெயரில் ஒரு காலனியை உண்டாக்கினார்கள். பெயரைக் கவனியுங்கள். வோல்ட்டா என்ற ஆற்றின் மேற்பகுதி என்பதுதான் பொருள். அந்த ஆறு கடலைச் சேர்வது இன்றைய கானாவில். வேறொருவன் நாட்டில் கடலைத் தொடும் ஆற்றை வைத்து ஒரு நிலத்தை அடையாளப்படுத்துவது, வாசலில் நிற்பவனை வீட்டுக்காரன் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைப் போன்றது.

1932இல் அதே பிரெஞ்சு அரசு இந்தக் காலனியை ஒரே ஆணையில் கலைத்தது. நிலத்தை ஐவரி கோஸ்ட், பிரெஞ்சு சூடான், நைஜர் ஆகிய மூன்று காலனிகளுக்கும் பங்கு வைத்தது. செலவுக்குக் கட்டுபடியாகவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். ஐவரி கோஸ்ட்டின் தோட்டங்களுக்கு மோஸி ஆட்களின் உடலுழைப்பு தடையின்றிக் கிடைக்கவேண்டும் என்பது இன்னொன்று. அபிஜானிலிருந்து புறப்பட்ட ரயில் பாதை 1934இல் போபோ-டியுலாசோவை எட்டியது. உவாகடூகுவுக்கு அது வந்து சேர்ந்தது 1954இல். பாதை கடலைக் கொண்டுவரவில்லை. ஆட்களைக் கடலோரத்துக்குக் கொண்டுபோயிற்று.

1947இல் காலனி மறுபடி உண்டாக்கப்பட்டது. மோஸி மன்னர் மோகோ நாபாவும் அவரைச் சேர்ந்தவர்களும் அதற்காகத் தொடர்ந்து முயன்றார்கள். அது அவர்கள் விருப்பம். ஐவரி கோஸ்ட்டில் வலுப்பெற்று வந்த காலனி எதிர்ப்புக் கட்சியின் வீச்சைக் குறைக்கலாம் என்பது பிரெஞ்சு அரசின் கணக்கு. விருப்பமும் கணக்கும் ஒரே ஆணையில் சந்தித்துக்கொண்டன. 1960இல் விடுதலை. 1984இல் தாமஸ் சங்கரா நாட்டின் பெயரை புர்கினா ஃபாஸோ என்று மாற்றினார்; நேர்மையாளர்களின் நாடு என்று பொருள். ஆறுகளின் பெயர்களும் மாற்றப்பட்டன. 1987இல் சங்கரா கொல்லப்பட்டார். பெயர் மட்டும் நிலைத்தது.

தமிழில் ஆப்பிரிக்க இலக்கியம் பற்றிப் பேசுகிறவர்கள் செங்கோர், அச்சிபே, சோயிங்கா என்று கடற்கரை நாட்டவர்களையே அதிகம் பேசியிருக்கிறோம். மேல் வோல்ட்டாக்காரரான நாஸி போனி 1962இல் ஒரு நாவல் வெளியிட்டார். அந்நாட்டின் முதல் நாவலாக அதைக் கொள்கிறார்கள். இந்தப் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? துறைமுகம் இல்லாத இடத்திலிருந்து புத்தகமும் சுலபமாகப் புறப்படுவதில்லை.

3

அரியலூர் நிலத்துக்கு ஒரு விசித்திரம் உண்டு. அது கடலாக இருந்தது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் இங்கே ஏறி வந்து, பலமுறை முன்னேறிப் பின்வாங்கிப் போயிருக்கிறது. காரையின் செம்மண் ஓடைகளிலும் கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புப் பாறையிலும் சிப்பிகளும் சுருள் ஓடுகளும் இன்றும் கிடக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரம் ஒன்று படுத்திருக்கிறது, 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் அதை அடையாளம் கண்டார்.

1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு கம்பெனி அதிகாரிகள் இங்கே பொறுக்கிய படிமங்கள் லண்டனுக்குப் போயின. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து எழுதினார். பிறகு பிளான்ஃபோர்ட் இப்பகுதியின் பாறைகளை வகைப்படுத்தினார்; ஸ்டோலிச்கா படிமங்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அரியலூர் என்பது ஒரு மாவட்டத்தின் பெயராவதற்கு ஒன்றே கால் நூற்றாண்டுக்கும் மேல் முன்னதாகவே, உலகப் புவியியலாளர்களிடையே ஒரு பாறை அடுக்கின் பெயராகிவிட்டது. உள்ளூர்க்காரனுக்கு அது தெரியாது. அவன் அந்தக் கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிக்கொண்டிருந்தான்.

கடல் போனபிறகு இந்நிலம் மூடிப்போய்விட்டதா என்றால், வரலாறு இல்லை என்கிறது. ராஜேந்திர சோழன் தலைநகரத்தை அமைத்தது இங்கேதான். கங்கைகொண்ட சோழபுரம் கடற்கரையில் இல்லை. ஆனால் 1025இல் ஸ்ரீவிஜயத்தின் மேல் கப்பற்படையை ஏவிய அரசின் தலைநகரம் அது. நாகப்பட்டினம் அந்த அரசின் கையில் இருந்தது, வழி திறந்திருந்தது. அதே மண், அதே தூரம். அன்று யாரும் இதை உள்நாடு என்று இரக்கத்தோடு பார்த்திருக்க மாட்டார்கள். சோழப் பெருமை பாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பெருமையின் கீழே உழைத்தவர்களைப் பற்றி மெய்க்கீர்த்திகள் பேசுவதில்லை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு முடிவு: தூரம் மாறவில்லை, அதிகாரம் இடம் மாறியது.

மாறியதன் ஸ்தூலமான சாட்சியம் அந்தக் கோயிலிலேயே இருக்கிறது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்தின் மதிற்சுவரும் சிற்ப வேலைப்பாடுள்ள கற்களும் பெயர்க்கப்பட்டுக் கட்டுமானத்துக்குப் போயின. தலைநகரம் கல்குவாரியாயிற்று. அணையால் பெரும்பயன் கண்டவை கீழே இருந்த வயல்கள். மேட்டில் மானாவாரியும் முந்திரியும்தான்.

படிமங்கள் லண்டனுக்கு, கருங்கல் அணைக்கு, பின்னர் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆலைகளுக்கு. அரசு சிமெண்ட் ஆலை அரியலூரில் 1979இல் வந்தது. தனியார் ஆலைகளும் சுற்றிலும் எழுந்தன. ஊருக்குச் சிமெண்ட் நகரம் என்று பெயர். லாரிகள் போன பிறகு மிஞ்சுவது பள்ளமும் தூசியும். ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி மின்நிலையத்துக்கென்று 1990களில் நிலங்கள் எடுக்கப்பட்டன. மின்நிலையம் வரவில்லை. நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தருவதென்று வெகுகாலம் கழித்து அரசு முடிவு செய்தது. இடையில் ஒரு தலைமுறை, தன் வயலையே பிறர் சொத்தாகப் பார்த்துக்கொண்டு வளர்ந்துவிட்டது.

4

இனி அரசாங்கம். அரியலூர் மழவராயர், உடையார்பாளையம் உடையார் ஆகிய பாளையக்காரர்கள் இங்கே ஆண்டார்கள். ஆற்காட்டு நவாபின் படை 1765இல் இரண்டு பாளையங்களையும் பிடித்தது. 1751இல் வாலிகண்டபுரத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டதும் இதே வட்டாரத்தில்தான். கடல் தாண்டி வந்தவர்கள் கடலற்ற ஊரில் தங்கள் சண்டையைப் போட்டார்கள். பாளையங்கள் ஜமீன்களாகச் சுருங்கின. உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தில் இந்தச் சுருங்கிய உலகம் இருக்கிறது. அரியலூர், குன்னம், காரை என்று ஊர் ஊராகக் குடும்பம் நகர்கிறது. ஜமீனின் கொடை தளர்ந்துவிட்ட காலம். ஆனால் அரியலூரில் ஒரு சடகோபையங்காரும் செங்கணத்தில் ஒரு விருத்தாசல ரெட்டியாரும் இருக்கிறார்கள். செங்கணம் என்ற சிற்றூரில் யாப்பருங்கலக்காரிகை பாடம் கேட்கமுடிந்திருக்கிறது. பின்தங்கிய பகுதி என்று சொல்வோர் இந்த ஒரு தகவலை எங்கே வைப்பார்கள்?

சுதந்திரத்துக்குப் பிறகு இது திருச்சி மாவட்டத்தின் கிழக்கு, வடக்கு ஓரம். தேசத்தின் காதில் அரியலூர் என்ற பெயர் பலமாக விழுந்தது ஒரு சாவுச் செய்தியாக: 1956 நவம்பர் 23, மருதையாற்றுப் பாலத்தில் ரயில் கவிழ்ந்து நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அவருடைய ராஜிநாமா பாடப்புத்தகத்தில் ஏறியது. மருதையாறு ஏறவில்லை.

1995இல் திருச்சியைப் பிரித்துப் பெரம்பலூர் திருவள்ளுவர் மாவட்டம் உண்டாயிற்று. 1997இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது வள்ளுவரும் நீங்கினார். 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டம். ஆட்சி மாறியது, 2002இல் அரியலூர் மீண்டும் பெரம்பலூருடன். ஆட்சி மறுபடி மாறியது. 2007 நவம்பர் 23இல் மீண்டும் தனி. அடமானத்துக்கு வரும் தாய்ப்பத்திரங்களையும் வில்லங்கச் சான்றுகளையும் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஒரே சர்வே எண், ஒரே வரப்பு, 12 ஆண்டுகளில் நான்கு முறை மாவட்டம் மாறியிருக்கிறது. உழுதவன் ஒரு அடிகூட நகரவில்லை.

மேல் வோல்ட்டாவுக்கு நேர்ந்ததும் இதுவும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. மாவட்டம் தேசமாகாது. இங்கே கட்டாய உழைப்புக்கு ஆள் பிடிக்கவில்லை, ஓட்டுரிமை இருக்கிறது, பிரித்தவரும் சேர்த்தவரும் நாம் தேர்ந்தெடுத்தவர்களே. பிரித்ததால் பலனும் உண்டு. ஆட்சியர் அலுவலகத்துக்குத் திருச்சி போய்த் திரும்பும் பஸ் செலவும் ஒருநாள் கூலியும் மிச்சம். 2022இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆயினும் ஒத்துப்போகும் ஓர் இடம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் இருப்பதா கலைவதா என்ற கேள்வி, அங்கே வாழ்பவர்களுக்கு எட்டாத ஒரு மேஜையில் தீர்ந்தது. அவர்கள் விருப்பம் நிறைவேறியபோதும், அது வேறொருவர் கணக்கோடு பொருந்தியதால் நிறைவேறியது.

அந்த மருத்துவக் கல்லூரியின் அரங்கத்துக்கு அனிதாவின் பெயர் வைத்திருக்கிறார்கள். குழுமூர்ப் பெண். பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தவர். மருத்துவ இடத்துக்கான விதி டெல்லியில் மாறியதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போய், 2017 செப்டம்பரில் இறந்துபோனவர். வழி யார் கையில் என்று மேலே கேட்டது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

5

2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூரில் 5,65,223 பேர். அரியலூரில் 7,54,894 பேர். தமிழ்நாட்டு மாவட்டங்களில் மிகக் குறைந்த மக்கள்தொகை பெரம்பலூருடையது. மாவட்டத் தலைநகருக்கு ரயில் கிடையாது. சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி, நகைக்கடன், வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் பணம் — இவற்றை வைத்துத்தான் இந்தப் பதிமூன்று லட்சத்துச் சொச்சம் பேரின் பொருளாதாரத்தை ஒரு வங்கிக் கவுன்ட்டரிலிருந்து பார்க்கமுடிகிறது. மோஸி இளைஞன் அபிஜானுக்கு ரயிலேறினான். இவன் விமானம் ஏறுகிறான். கடலற்ற நிலம் மனிதர்களைக் கடல் தாண்ட வைப்பதில் வல்லது.

ஆகவே இந்த வட்டாரத்துக்கு வரலாறு எழுதுகிறவர் கலைக்களஞ்சிய வரிசையை விட்டுவிட வேண்டும். என்னென்ன இங்கிருந்து போயிற்று, எந்த வழியாக, யார் சொல்லி, என்ன திரும்பி வந்தது என்று அவர் கேட்கவேண்டும். ராஜேந்திரனிலிருந்து நேராக மருத்துவக் கல்லூரிக்குத் தாவும் விழா மலர்கள் வரலாறு ஆகா. நடுவே கல் பெயர்க்கப்பட்ட மதில் இருக்கிறது, எடுத்துத் திருப்பிய நிலம் இருக்கிறது, நான்கு முறை தலைப்பு மாறிய பத்திரம் இருக்கிறது.

சங்கரா பெயர் மாற்றியும் அந்த ஆறுகள் கானாவுக்குத்தான் ஓடுகின்றன. மருதையாறும் கொள்ளிடத்தில் கலந்து அடுத்தவர் மாவட்டத்தில்தான் கடல் சேர்கிறது. ஆற்றைத் திருப்ப முடியாது. விதியையும் பாதையையும் திருப்பலாம். அவற்றைப் போட்டவர்கள் மனிதர்கள்.