உடைந்த மணியின் சாட்சி

சத்தியமங்கலம் கடைவீதியில் ஆசையாக ஒரு கவரிங் செயின் வாங்குகிறீர்கள். ஆறே மாதம்... கொக்கி போச்சு! அடுத்து பதக்கத்தில் ஒரு கல் விழுந்தது. பஸ் நெரிசலில் ஜிமிக்கி ஒன்று தொலைந்து, மிச்சம் ஒற்றை!

தூக்கிப் போட மனசு வருமா? நம் வீட்டுப் பெண்கள் மணிகளை உருவி, நைலான் நூலில் மறுபடி கோத்துவிடுவார்கள். பாட்டியின் அறுந்த மாலை, பேத்திக்குக் கைச்சரம்! ஒற்றை ஜிமிக்கி, டாலராகி கறுப்புக் கயிற்றில் தொங்கும். கேட்டால், ‘‘புதுசு வாங்கக் காசு எங்கேங்க இருக்குது?’’ என்று கூச்சத்தோடு ஒரு பதில் வரும்.

கூச்சமே தேவையில்லை. சரித்திரம் இவர்கள் கட்சி!

சத்தியிலிருந்து கோபி, பெருந்துறை தாண்டித் தெற்கே போனால் சென்னிமலை. அதற்கு மேற்கே, நொய்யல் ஆற்றின் வடகரையில் கொடுமணல். ‘பதிற்றுப்பத்து’ பாடல்களில் கபிலரும் அரிசில்கிழாரும் ‘கொடுமணம்’ என்று, அணிகலன்களோடு சேர்த்துச் சொல்லும் ஊர் இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே பல கட்டமாக அகழாய்வு நடத்தியது. 2012-13ல் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா.ராஜன் குழுவும் தோண்டியது.

கிடைத்தவை? பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு, செவ்வந்திக்கல், சூதுபவளம்... மணி மணியாக! பச்சைக்கல்லுக்குப் பக்கத்திலேயே படியூர். நீலக்கல்லுக்கு சிவன்மலை. சிவப்பான சூதுபவளம் மட்டும் குஜராத் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

இப்போது ஒரு கேள்வி. இங்கே கிடைத்தவை எல்லாம் பளபளவென்று முழுசான மணிகளாக மட்டுமே இருந்திருந்தால்? ‘எங்கேயோ செய்து, யாரோ வியாபாரி கொண்டு வந்து விற்றது’ என்று கதையை முடித்திருப்பார்கள். அப்படி முடிக்க விடாதவை எவை தெரியுமா? உடைந்த மணிகள், துளை போடாத மணிகள், மெருகேற்றாத மணிகள், செதுக்கும்போது சிதறிய சில்லுகள்! ‘பட்டறை இங்கேதான் இருந்தது, கைவினைஞர்கள் இந்த ஊர்க்காரர்கள்’ என்று சாட்சி சொன்னது அந்தக் குப்பைதான். முழு மணி அழகைச் சொல்லும். உடைந்த மணிதான் உழைத்தவனைச் சொல்லும்!

சரி, ‘கவரிங்’ சமாச்சாரத்துக்கு வருவோம். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் ப்ளினி, பச்சைக்கல் இந்தியாவை விட்டால் வேறெங்கும் அபூர்வம் என்று எழுதியவர். கூடவே ஒரு புகாரும் வைத்தார்... இந்தியர்கள் பளிங்குக்குச் சாயம் ஏற்றிப் போலிப் பச்சைக்கல் செய்துவிடுகிறார்களாம்! ஆக, இமிடேஷன் நகைக்கும் வயசு 2,000. (விற்றவர் எந்த ஊர்க்காரர் என்று நல்லவேளையாக ப்ளினி எழுதவில்லை!)

ஒன்றை இன்னொன்றாக மாற்றுகிற வித்தையும் அதே காலத்ததுதான். கொங்கு நாட்டில் ரோமானியக் காசுகள் குவியலாகக் கிடைத்தது தெரிந்த கதை. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842ல் மட்டும் 500-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள்! தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானியத் தங்கக் காசுகள் சிலவற்றில் ஓட்டை போட்டிருக்கிறார்கள், அல்லது வளையம் ஒட்டியிருக்கிறார்கள். எதற்கு? கழுத்தில் மாட்டிக்கொள்ளத்தான்! அங்கே உலகத்தையே ஆட்டி வைத்த சக்கரவர்த்தி, இங்கே வெறும் டாலர்!

தங்கத்துக்கு வழியில்லாதவர்கள் என்ன செய்தார்கள்? மகாராஷ்டிராவின் தேர், தெலங்கானாவின் கொண்டாப்பூர் போன்ற பழைய ஊர்களில் ரோமானியக் காசின் அச்சு அசல் நகல்கள் கிடைத்திருக்கின்றன... சுட்ட களிமண்ணில், கோத்துக்கொள்ள வசதியாகத் துளையோடு! களிமண் என்பதால் அதை அணிந்தவளின் ஆசை குறைந்துவிடுமா என்ன? இன்று மியூசியங்களில் தங்கக் காசுக்கு இருக்கும் மரியாதை, அந்தக் களிமண் காசுக்கும் உண்டு.

அறுந்த பாசியைக் குப்பைக்கூடையில் போடும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். ஒரு நூலும் ஊசியும் போதும். அதற்கு இன்னொரு கழுத்து காத்திருக்கலாம்!