பட்டணத்தில் ராத்தங்கல்: சத்திரம் முதல் மேன்ஷன் வரை

கவுன்சிலிங், இன்டர்வியூ, ஆஸ்பத்திரி என்று ஏதாவது ஒரு காரணத்துக்காக பெரம்பலூர், அரியலூர்க்காரர்கள் எல்லோரும் ஒருநாள் சென்னைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். பையைத் தூக்கும்போது வீட்டில் கேட்கும் முதல் கேள்வி: "எங்கடா தங்குவ?" இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் பெரிய சரித்திரமே இருக்கிறது.

முதலில் ஒரு வேடிக்கை. 11ஆம் நூற்றாண்டில் முதலாம் ராஜேந்திரன் அமைத்த தலைநகர் கங்கைகொண்ட சோழபுரம், இன்றைய அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அன்று வெளியூர்க்காரர்கள் தங்க இடம் தேடி நம் பக்கம் வந்தார்கள். இன்று நாம் தேடிப் போகிறோம்!

சரி, விஷயத்துக்கு வருவோம். சென்னையில் எங்கே தங்குவது என்பதை எப்போதும் தீர்மானித்தது, வண்டி நம்மை இறக்கிவிடும் இடம்தான். 1873இல் சென்ட்ரல் ரயில் நிலையம் வந்தது. அதற்கு எதிரே சவளை ராமசாமி முதலியார் ஒரு சத்திரம் கட்டினார். கையில் காசு குறைவாக இருந்த பயணிகளுக்கு அப்படிப்பட்ட சத்திரங்கள்தான் கதி. பணக்காரர்களுக்கு 1854இல் இம்பீரியல் என்று தொடங்கிய ஹோட்டல் இருந்தது. அதுவே 1890இல் கன்னிமாரா ஆனது. 1908இல் எழும்பூர் நிலையம் திறந்தது. விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் வந்தபிறகு அரியலூர்க்காரர்கள் நேராக அங்கே போய் இறங்கினார்கள். ஸ்டேஷனைச் சுற்றி லாட்ஜுகள் பெருகின.

நடுத்தர வர்க்கத்துக்கு வழி காட்டியவர் உடுப்பி கிருஷ்ணராவ். 1938இல் ராயப்பேட்டையில் ஒரு பெரிய பங்களாவை வாடகைக்கு எடுத்து உட்லண்ட்ஸ் தொடங்கினார். 1952இல் மயிலாப்பூரில் நியூ உட்லண்ட்ஸ் வந்தது. வேலை தேடி வந்த பேச்சிலர்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள். மாத வாடகை, பொதுக் குளியலறை, கீழே இறங்கினால் மெஸ். மவுண்ட் ரோடு, கோட்டை, சேப்பாக்கம் ஆபீஸ்களுக்கு நடந்தோ டவுன் பஸ்ஸிலோ போய்விடலாம்.

ஆனால் பையில் பணம் இருந்தால் மட்டும் போதுமா? அந்தக் காலத்தில் போதாது. பல சத்திரங்கள் குறிப்பிட்ட சாதிக்கென்றே கட்டப்பட்டவை. சில ஹோட்டல்களில் சாப்பிடும் இடமே தனித்தனி. காசு இருந்தும் வாசலில் நின்றவர்கள் எத்தனையோ பேர். 1950இல் அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு, ஹோட்டல்களில் சாதி, மதம் பார்த்துத் தடுக்கக்கூடாது என்றது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் சத்திரங்களையும் சேர்த்துக்கொண்டது. அதற்குப் பிறகும், 1957இல், திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டல் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கச் சொல்லிப் பெரியார் போராட வேண்டியிருந்தது.

'எந்த பட்ஜெட்டுக்கும் அறை உண்டு' என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அது சும்மா கிடைத்த வசதி இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இப்போது வரைபடம் மறுபடி மாறிவிட்டது. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, பஸ்தான். ஒருகாலத்தில் பாரிமுனையில் இறங்கினோம். 2002இல் கோயம்பேடு வந்தது. 2023 டிசம்பர் 30இல் திறந்த கிளாம்பாக்கத்தில் இப்போது இறங்குகிறோம். பழைய பழக்கத்தில் நான் எழும்பூரில் அறை எடுத்துவிட்டேன். மறுநாள் காலை இன்டர்வியூ கிண்டியில்! இறங்கிய இடத்திலிருந்து கிண்டியைத் தாண்டிப் போய்ப் படுத்து, விடிந்ததும் திரும்பி வந்ததுதான் மிச்சம்.

ஆகவே என் யோசனை இதுதான். முதலில் வேலை எங்கே என்று பாருங்கள். கிண்டி, தாம்பரம் பக்கம் என்றால் அங்கேயே தங்குங்கள். ஐகோர்ட், பெரியாஸ்பத்திரி என்றால் எழும்பூர், பெரியமேடு. அறை வாடகையோடு ஆட்டோ காசையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள். தனியாகப் போகும் பெண்கள் பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் உள்ள ஒய்.டபிள்யு.சி.ஏ. விடுதியையும் விசாரிக்கலாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் தாத்தா முதன்முதலில் பட்டணம் போனபோது எங்கே தங்கினார், யார் உள்ளே விட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத சரித்திரம் அதில் இருக்கும்.