சவரக்கத்தியும் அதன் கூரும்

நாவிதர் ஒருவர் தம் தொழிலைத் தொடங்குமுன் செய்த செயல் ஒன்றை உங்களுள் வயதில் மூத்தோர் மறந்திருக்கமாட்டீர்கள். மடக்குக் கத்தியை அவர் விரிப்பார். சுவரிலே தொங்கும் தோல்வாரின் நுனியை இடக்கையால் இழுத்துப் பிடிப்பார். அதன்மீது கத்தியின் அலகை முன்னும் பின்னுமாக ஓட்டுவார். அப்போது எழும் மெல்லிய ஒலிக்கு ஓர் ஒழுங்கான தாளம் உண்டு. அந்த ஒலி அடங்கும்வரை, முகத்திலே சவர்க்கார நுரையோடு அமர்ந்திருப்பவர் பொறுமையாகக் காத்திருப்பார். தம் கழுத்தைப் பிறர் கைக் கத்திக்கு நீட்டிக்கொடுக்கும் மனிதர் வேறெதைக் கேட்கப்போகிறார்? கத்தி கூராக இருக்கவேண்டும், பிடித்த கை தேர்ந்ததாக இருக்கவேண்டும், அவ்வளவே.

இந்த இரண்டையும் நெடுங்காலம் நாவிதரே காத்துவந்தார். பின்னர் ஒரு காலத்தில், தொழில் பயிலாத சாதாரண மனிதன் அக்கத்தியைத் தன் கையில் எடுத்தான். எடுத்த அன்றே அவனுக்கு ஒரு தொல்லை தோன்றிற்று. கத்தியை விலைக்கு வாங்கலாம். அதன் கூரை விலைக்கு வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு நாளும் தேய்ந்துபோகும் அதனை ஒவ்வொரு நாளும் மீட்கவேண்டும். புதிதாகக் கத்தி பிடித்த அம்மனிதன் கூரைக் காக்கக் கற்றுக்கொண்ட வரலாறே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

ஐரோப்பாவிலே நாவிதர் தொழிலும் அறுவை வைத்தியமும் ஒரு காலத்தில் அருகருகே நின்றவை. இங்கிலாந்தில் 1540ஆம் ஆண்டுச் சட்டமொன்று இலண்டன் நாவிதரையும் அறுவை வைத்தியரையும் ஒரே சங்கமாக இணைத்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, 1745இல், அறுவை வைத்தியர் பிரிந்து தனிச்சங்கம் கண்டனர். அந்தப் பதினெட்டாம் நூற்றாண்டிலேதான் தாடியும் மீசையுமின்றி முகத்தை முழுதும் மழித்துக்கொள்ளும் வழக்கம் ஐரோப்பிய மேன்மக்களிடையே பெரிதும் ஓங்கியிருந்தது. நாள்தோறும் மழிக்கவேண்டுமானால் நாள்தோறும் நாவிதர் வேண்டும். பயணத்திலும் கடலிலும் போர்முனையிலும் அதற்கு என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு விடை கூற முன்வந்தவர் பாரிஸ் நகரத்துக் கத்தித் தொழிலாளர் ஒருவர். ஜோன் ஜாக் பெரே என்பது அவர் பெயர். தமக்குத் தாமே மழித்துக்கொள்ளக் கற்பிக்கும் நூலொன்றை அவர் 1769இல் வெளியிட்டார். கத்தியைச் செய்து விற்பவரே அதனை ஆளும் முறையையும் எழுதிவைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. தச்சரின் சீவுளியிலே உளியின் வாய் மிகச் சிறிதளவே வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு, அதனைப் போலவே சவரக்கத்திக்கும் மரக்காப்பு ஒன்றினை அவர் அமைத்தார். ஆழமாக வெட்டிவிடுமோ என்னும் அச்சத்தை அக்காப்பு ஓரளவு தணித்திருக்கும். ஆனால் மழுங்கிய கத்தியை எந்தக் காப்பும் கூராக்கிவிடாது. மழுங்கிய கத்தியோ கூரிய கத்தியிலும் பொல்லாதது. கூரியது மயிரை அரிந்து செல்லும். மழுங்கியது மயிரைப் பற்றி இழுக்கும். இழுபடுகின்ற வலியால் கையை அழுத்துகிறோம். அழுத்திய கை தோலைக் கீறுகின்றது.

இனிக் கத்தியின் உடலைப் பார்ப்போம். சவரக்கத்தியின் வாய் மிக மெல்லியது. அந்த மெல்லிய விளிம்பில் எங்கேனும் ஒரு சிறு கசடோ மென்மையான திட்டோ இருந்தால் அந்த இடத்திலே கூர் நிற்காது. பழைய முறையிலே இரும்புப் பாளங்களைக் கரித்தூளுக்குள் புதைத்துப் பல நாள் சூடேற்றி உருக்காக்கினர். கரி வெளிப்புறத்தில் மிகுதியாகவும் உட்புறத்தில் குறைவாகவும் ஏறும்; ஆகவே அவ்வுருக்கு ஒரே தன்மையாக அமைவதில்லை. இக்குறையைத் தீர்த்தவர் பெஞ்சமின் ஹன்ற்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளர். கடிகார வில்லுக்கு நல்ல உருக்குத் தேடிய அவர், 1740ஆம் ஆண்டளவில் ஷெபீல்ட் நகரின் அயலிலே குடியேறி, களிமண் மூசையில் உருக்கை முற்றாக நீராக உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். ஷெபீல்ட் கத்தித் தொழிலாளர், அந்த உருக்கு மிகக் கடினமானது, அடித்து உருவாக்க இயலாதது என்று முதலிலே ஒதுக்கினராம். பிரெஞ்சுக்காரர் அதனை வாங்கிச் சிறந்த கத்திகள் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய பின்னரே அவர்களுடைய கண் திறந்ததென்று சொல்லப்படுகின்றது. அதன் பின்பு ஷெபீல்ட் என்னும் பெயரே சவரக்கத்திக்கு நன்மதிப்பு முத்திரையாயிற்று.

நல்ல உருக்குக் கிடைத்துவிட்டது. காப்பாற்றுவது எப்படி? அங்கேதான் புதியவர் பலர் தடுமாறினர். கூர் காக்கும் கருவிகள் இரண்டு: ஒன்று கல், மற்றது தோல். இவ்விரண்டின் வேலையும் ஒன்றென்று எண்ணுவதே முதற் பிழை. கல் உருக்கைத் தேய்த்து அகற்றிப் புதிய வாயை உண்டாக்குவது. தோலோ உண்டான வாயைச் செம்மைப்படுத்தி நேராக நிறுத்துவது. கல் எப்போதாவது வேண்டும். தோல் ஒவ்வொரு நாளும் வேண்டும்.

கல்லிலே தீட்டும்போது சவரக்கத்தியின் அமைப்பே நமக்கு உதவுகின்றது. அதன் முதுகு தடித்தது, வாய் மெல்லியது. கத்தியைக் கல்லின்மேல் தட்டையாகக் கிடத்தினால் முதுகும் வாயும் ஒருங்கே கல்லைத் தொடும். அப்போது அமையும் கோணமே உரிய கோணம். வேறு அளவு தேடவேண்டியதில்லை. நாளடைவில் வாய் தேயும்போது முதுகும் உடன் தேய்வதால் அந்தக் கோணம் பெரும்பாலும் மாறாது நிற்கின்றது. இதனைச் சமைத்த பழந்தொழிலாளரின் நுண்ணறிவை என்னென்பது! புதியவர் செய்யும் தவறு, முதுகைச் சற்றே தூக்கிப் பிடிப்பதும், கையை ஊன்றி அழுத்துவதுமாகும். முதுகு தூக்கினால் வாய் தடிக்கும். அழுத்தினால் மெல்லிய வாய் வளையும். கத்தியின் சொந்த எடையே பெரும்பாலும் போதும்.

கல்லிலே வாய் முன்னே செல்லவேண்டும். தோலிலே முதுகு முன்னே செல்லவேண்டும். இதனை மாற்றித் தோலிலே வாயை முன்னே தள்ளினால் தோல்வார் அறுபடும், கூரும் கெடும். ஓட்டத்தின் முடிவிலே கத்தியைத் திருப்பும்போது முதுகின்மேலேதான் உருட்டவேண்டும். வாயின்மேல் உருட்டினால் அதுவரை செய்த வேலை வீணாகும். தோல்வாரை இறுக இழுத்துப் பிடிக்கவேண்டும். அது தொய்ந்தால் தோல் வளைந்து வாயைச் சுற்றிக்கொள்ளும், கூர் உருண்டுபோகும். தீட்டுதலிலே வேகம் ஒரு பெருமையன்று. நாவிதர் விரைந்து ஓட்டுவது பல்லாண்டுப் பழக்கத்தின் பயன். புதியவர் மெல்ல ஓட்டுதலே நன்று.

இவற்றையெல்லாம் நேரிலே காட்டித்தர ஆசான் இல்லாதவர் நூலை நாடினர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே பெஞ்சமின் கிங்ஸ்பரி என்னும் இலண்டன் சவரக்கத்தித் தொழிலாளர், கத்தியின் எடை, வடிவம், பதம், பேணும் முறை, ஆளும் முறை ஆகியவற்றை விளக்கி ஒரு சிறு நூல் எழுதினார். அதே காலத்திலே ஜோர்ஜ் பக்வூட் என்பவர் தாம் விற்ற தீட்டுவாருக்காகப் பத்திரிகைகளிலே பாட்டும் கதையும் உரையாடலுமாக விளம்பரங்கள் வெளியிட்டார். 1796இல் அவற்றைத் தொகுத்து ஒரு புத்தகமாகவும் அச்சிட்டார். மழுங்கிய கத்தியோடு கண்ணாடிமுன் நின்று தவித்தோர் எத்துணைப் பேர் இருந்திருக்கவேண்டும் என்பதற்கு அவருடைய வியாபாரமே சான்று.

நேயர்களே, இந்த இடத்திலே நம் பக்கத்து நாடுகளின் பெயரும் வரலாற்றில் எழுகின்றது. அக்காலத்தில் இந்தியாவிலிருந்து 'வூட்ஸ்' என்னும் மூசையுருக்குக் கட்டிகள் இலண்டனுக்குச் சென்றன. 1795இல் ஜோர்ஜ் பியர்சன் என்பார் அவற்றை ஆராய்ந்து அரச சங்கத்திலே கட்டுரை வாசித்தார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் இலண்டன் கத்தித் தொழிலாளர் அவ்வுருக்கில் கருவிகள் செய்து பார்த்து, ஐரோப்பிய உருக்கினும் அதுவே மேலானதெனத் தெளிந்தார். அவரோடு சேர்ந்து அதன் இரகசியத்தைத் தேடியவர் யார் தெரியுமா? பின்னாளில் மின்சார ஆராய்ச்சியால் உலகப்புகழ் பெற்ற மைக்கேல் பரடே. கொல்லர் ஒருவரின் மகனான அவர், ஸ்டோடார்ட்டோடு கூடி உருக்கிலே வெள்ளி, பிளாற்றினம், றோடியம் முதலிய உலோகங்களைச் சிறிது சிறிதாகக் கலந்து சோதித்தார். 1820இலும் 1822இலும் இருவரும் முடிவுகளை வெளியிட்டனர். அவ்வாறு கிடைத்த உருக்கில் செய்த சவரக்கத்திகளைப் பரடே நண்பர்களுக்குப் பரிசாக அளித்ததும் உண்டு. கலப்புருக்கு ஆராய்ச்சிக்கு அடிகோலியவற்றுள் சவரக்கத்தியின் கூரும் ஒன்றென்றால் அது மிகையன்று.

அத்தகைய மூசையுருக்கு ஆக்கத்திற்குத் தமிழ்நாட்டிலே கொடுமணலிலும் சேலம் பகுதியிலும் சான்றுகள் உள. நம் இலங்கையிலோ, பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியில், மலைச்சரிவிலே மோதும் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய உலைகள் இருந்தன. ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரையிலான அவ்வுலைகளைத் தொல்பொருள் ஆய்வாளர் ஜில் ஜூலெவ் அகழ்ந்து, அவற்றைப்போல் ஓர் உலையை அமைத்து இயக்கியும் காட்டி, 1996இல் உலகறியச் செய்தார்.

உருக்கினும் பலமடங்கு மென்மையான மயிர் உருக்கை எவ்வாறு மழுக்குகின்றது என்பது நெடுநாட் புதிர். அமெரிக்காவின் மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர் 2020இல் இதற்கு விடை வெளியிட்டனர். மயிர் உருக்கினும் ஏறக்குறைய ஐம்பது மடங்கு மென்மையானது. ஆயினும் வாய் முழுதும் ஒரே தன்மையாக இல்லாதபோது, மயிர் வளைந்து சாய்வாக ஒரு நலிந்த புள்ளியிலே பட்டால், அங்கே நுண்ணிய சில்லொன்று பெயர்ந்துவிடும். சீரின்மையே கூரின் பகை. கடிகார வில்லுக்காக ஹன்ற்ஸ்மன் மூசையிலே தேடியதும் அந்தச் சீர்மையைத்தானே!

இனி, கதை திரும்பிய இடத்துக்கு வருவோம். அமெரிக்கரான கிங் ஜில்லெற் தீட்டவே தேவையில்லாத மெல்லிய அலகொன்றை எண்ணினார். மழுங்கியதும் எறிந்துவிட வேண்டியதுதான். 1903ஆம் ஆண்டு விற்றவை 51 கருவிகளும் 168 அலகுகளுமே. 1904இல் உரிமைப்பத்திரம் கிடைத்தது. முதலாம் உலகப் போரிலே அமெரிக்கப் படைவீரருக்கென ஏறக்குறைய 35 இலட்சம் கருவிகள் வழங்கப்பட்டன. போர் முடிந்து வீடு திரும்பியோர் அந்தப் பழக்கத்தையும் உடன் கொண்டுவந்தனர். கல்லும் தோல்வாரும் பல வீடுகளில் மூலைக்குப் போயின.

இதனை முற்றும் இழப்பென்று நான் கூறேன். பலருடைய முகத்திலே பட்ட ஒரே கத்தி குருதிவழி நோய்களைப் பரப்பக்கூடும். ஆதலால் நாவிதர் நிலையங்களில் ஆளுக்கொரு புதிய அலகு வைப்பதே இன்று அறிவுடைமை. ஆனால் எறிந்துவிடும் அலகோடு நாம் எறிந்தது வேறொன்றும் உண்டு. ஒரு பொருளின் தேய்வை நாள்தோறும் கவனித்து, அளவறிந்து அதனை மீட்கும் பழக்கமே அது.

அதனை மீண்டும் விரும்பித் தனக்கென ஒரு மடக்குக் கத்தியை வாங்கும் இளைஞர் இக்காலத்திலும் உளர். அவர்களுக்குக் கூறத்தக்கது சிலவே. முதலில் தேர்ந்தவர் தீட்டிய கத்தியைப் பெறுங்கள். நல்ல கூர் எப்படியிருக்கும் என்பதை அறியாதவர் அதனை உண்டாக்க முடியாது. மழிக்குமுன் ஒவ்வொரு முறையும் தோலிலே ஓட்டுங்கள். தோல் கைவிட்ட பின்னரே கல்லை நாடுங்கள். மயிரை நீரால் நன்கு நனையுங்கள். நனைந்த மயிர் எளிதில் அரிபடும். வேலை முடிந்ததும் ஈரமின்றித் துடைத்து வையுங்கள். நம்மைப்போல் கடற்காற்றிலே வாழ்வோர் வீட்டில் துருவே கூரின் முதற் கள்வன். வேறொருவருடைய முகத்துக்கு அக்கத்தியைக் கொடாதீர்கள்.

நாவிதர் கையிலே அன்று எழுந்த அந்தத் தாளவொலி வெறும் ஆயத்தமன்று. 'உன் கழுத்தை என்னிடம் தருகிறாய். நான் அதற்குத் தகுதியாக இருக்கிறேன்' என்று ஒரு தொழிலாளர் வாய்திறவாமல் அளித்த உறுதிமொழி அது. கத்தி மாறலாம், அந்த உறுதிமொழி எந்தத் தொழிலுக்கும் வேண்டியதே.